மருந்தியல் ஆய்வகத்தைப் பூட்டிய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் முதல்வர் அவர்களுக்கும்,

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையை நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தேன். இரண்டாம் தளத்தில் உள்ள மருந்தியல் ஆய்வகம் இனி கருத்தரங்கக் கூடமாக மாறும். ஆறாம் செமஸ்டர் மருந்தியல் செய்முறை வகுப்புகள் காணொளி வழியாக நடக்கும். சனிக்கிழமை கிராமப் பணி பாடத்திட்டத்தில் இல்லாததால் நிறுத்தப்படுகிறது. மொத்தம் நான்கு வரி. மறுநாள் உங்கள் தரப்பில் வகுப்புக்கு வந்து, செய்முறைப் பதிவேட்டைப் பற்றி, "ரெக்கார்டை சீனியர் நோட்டைப் பார்த்து முடிச்சிருங்க" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அன்று மாலையே ஆய்வகத்தில் புதுப் பூட்டு தொங்கியது.

நாங்கள் மூன்று பேர் முதல்வர் அறைக்குப் போய்க் கேட்டோம். "சிலபஸ்லயே சாஃப்ட்வேர் போதும்னு இருக்கும்மா. யுனிவர்சிட்டி எக்ஸாமுக்கு ஒண்ணும் குறையாது, போய்ப் படிங்க" என்று பதில் வந்தது. எழுத்தில் கொடுத்த மனுவுக்குப் பத்து நாளாகியும் பதில் இல்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தவளையையும் கினிப்பன்றியையும் மறுபடி கொண்டுவந்து அறுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இந்திய பார்மசி கவுன்சிலின் பி.பார்ம். பாடத்திட்டத்தில், விலங்குச் சோதனைகளை மென்பொருளிலும் காணொளியிலும் காட்ட வேண்டும் என்று குறிப்பு இருப்பது எனக்குத் தெரியும். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் குறிப்பில் மென்பொருளும் இருக்கிறது, காணொளியும் இருக்கிறது. நீங்கள் காணொளியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். இரண்டும் ஒன்றில்லை. புதுச்சேரி ஜிப்மரின் மருந்தியல் துறையில் உருவான எக்ஸ்பார்ம் மென்பொருளில் முயலின் கண்ணில் எந்த மருந்தை விடுவது, தவளையின் இதயத்துக்கு எதைக் கொடுப்பது என்று மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். என்ன மருந்து என்று சொல்லாமல் கொடுத்து, விளைவைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் சொல்லலாம். தப்புச் செய்யலாம், திரும்பச் செய்யலாம். காணொளியில் தப்புச் செய்ய வழியே இல்லை. முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போகலாம், அவ்வளவுதான்.

அதோடு, ஆறாம் செமஸ்டர் செய்முறைப் பட்டியலை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். மருந்தளவுக் கணக்கு இருக்கிறது. கொடுத்த தரவிலிருந்து ஒரு மருந்து உடம்பில் எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு வேகத்தில் வெளியேறும் என்று கணக்கிடும் பயிற்சி இருக்கிறது. டி-டெஸ்ட், அனோவா என்று புள்ளியியல் சோதனைகள் இருக்கின்றன. இவற்றுக்கு எந்த உயிரும் வேண்டாம். கணக்கு நோட்டும் கால்குலேட்டரும், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஆசிரியரும் போதும். இவற்றையும் சேர்த்துத்தான் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதச் சொல்கிறீர்கள்.

பார்த்து எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு என் ஐந்தாம் செமஸ்டர் ரெக்கார்டே சாட்சி. தவளையின் வயிற்றுச் சுவர்த் தசையில், தசையைச் சுருங்கச் செய்யும் நரம்புச் செய்திப் பொருளான அசிட்டைல்கோலினின் அளவைக் கூட்டக் கூட்டச் சுருக்கம் எப்படிக் கூடுகிறது என்ற சோதனை அது. எனக்கு வந்த அக்கா நோட்டில் 0.2 மில்லிக்கு 31 மில்லிமீட்டர், 0.4 மில்லிக்கு 28, 0.8 மில்லிக்கு 45 என்று இருந்தது. அளவு கூடும்போது நடுவில் மட்டும் எப்படிக் குறையும்? முன்னால் எப்போதோ யாரோ 38 என்பதை 28 என்று எழுதியிருக்க வேண்டும். வரைபடத்தில் அந்த ஒரு புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே தனியாக நின்றது. நானும் அப்படியே வைத்தேன். வகுப்பில் அறுபது பேரும் அந்த 28-ஐ எழுதினோம். அறுபது நோட்டிலும் சிவப்பு மையில் சரி போட்டுக் கையெழுத்து விழுந்தது. எனக்கு முழு மதிப்பெண். அந்த நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எனக்குக் கூசுகிறது.

ஒரே ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி நடந்தது. அப்போது எங்களுக்கு மருந்தியல் எடுத்த மேடம், காலையில் வரும் வழியிலேயே கோழிக்கறிக் கடையில் நின்று, அப்போதுதான் அறுத்த கோழியின் குடலைப் பாத்திரத்தில் குளிர்ந்த கரைசலில் போட்டு வாங்கி வந்தார். கடைக்காரருக்கு அது குப்பைக்குப் போகிற பொருள். காசுகூட வாங்கவில்லையாம். குடல் துண்டை உயிரோடு வைத்திருக்கும் டைரோடு என்ற உப்புக் கரைசலை எங்களையே தயாரிக்கச் சொன்னார். லிட்டருக்கு 8 கிராம் சோடியம் குளோரைடு, 0.2 கிராம் பொட்டாசியம் குளோரைடு என்று ஒவ்வொன்றாக நிறுத்துப் போட்டோம். கால்சியம் குளோரைடையும் சோடியம் பைகார்பனேட்டையும் ஒன்றாகக் கொட்டிவிட்டேன். கரைசல் பால் மாதிரி கலங்கிப்போனது. மேடம் திட்டவில்லை. "கால்சியத்தைத் தனியாக் கரைச்சு, கடைசியா ஊத்தணும். இனிமே சாகுற வரைக்கும் உனக்கு மறக்காது" என்றார். மறக்கவில்லை.

இரண்டு சென்டிமீட்டர் துண்டு ஒன்றை நூலில் கட்டி, 37 டிகிரி கரைசலில் தொங்கவிட்டு, காற்றுக் குமிழி விட்டுக் காத்திருந்தோம். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அசிட்டைல்கோலினை விட்டதும் நூலோடு இணைத்த நெம்புகோல் எழுந்தது. உருளையில் சுற்றிய காகிதத்தில் கோடு ஏறியது. கழுவிவிட்டு, அதைத் தடுக்கும் அட்ரோபின் என்ற மருந்தைக் கொடுத்து, மறுபடியும் அதே அளவு அசிட்டைல்கோலின் விட்டோம். கோடு தரையிலேயே கிடந்தது. செல்லில் மருந்து போய் ஒட்டும் இடமான ஏற்பியை ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றதற்கு இடமில்லை என்று புத்தகத்தில் அது வரை நான் மனப்பாடம் செய்துதான் வைத்திருந்தேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

இது வெறும் பரீட்சைப் பாடமில்லை என்பது இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் இருப்பவருக்குத் தெரியும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். அந்த ஆர்கனோபாஸ்பரஸ் நஞ்சு உடம்புக்குள் போனால் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி முடங்கி, அசிட்டைல்கோலின் தேங்கித்தான் ஆள் நுரை தள்ளி மூச்சுத் திணறுகிறார். அவசரச் சிகிச்சைப் பிரிவில் அப்போது ஊசியில் ஏற்றுவது இதே அட்ரோபினைத்தான். கோழிக்குடலில் கோடு எழாமல் கிடந்ததைப் பார்த்த பிறகு, அந்த ஊசி என்ன செய்கிறது என்று என்னிடம் எந்நேரம் கேட்டாலும் சொல்வேன்.

அந்த மேடம் கல்லூரியை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. அந்த இடத்துக்கு இன்னும் யாரையும் நியமிக்கவில்லை. மருந்து வேதியியல் எடுக்கும் சார்தான் எங்கள் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே ஆள் நான்கு பேருடைய வேலையைச் செய்கிறார்.

இப்போது என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதைப் பொதுவில் சொல்ல அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அம்மா கடல்பாசி எடுப்பவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் விடியும் முன் மற்ற பெண்களோடு வத்தை என்ற சிறு படகில் போய், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்த்தெடுப்பார். ஐந்தாறு மணி நேரம் தண்ணீருக்குள் கிடந்து கரையேறினால் தோளும் முட்டியும் இற்றுப்போகும். அடுத்த நாளும் போக வேண்டும். அதனால் சாயங்காலம் மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கி, டீயோடு போட்டுக்கொள்வார். எத்தனை மாதமாக என்று அவருக்கே கணக்கில்லை.

ஐந்தாம் செமஸ்டரில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கேட்டதற்கு, "ரெண்டு நாளாக் கறுப்பாப் போகுதுடி. சத்து மாத்திர போட்டா அப்பிடித்தான் போகும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுச்சு" என்றார். நீ சத்து மாத்திரை போடுகிறாயா என்றேன். "இல்லையே, வலி மாத்திரதான்" என்றார்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் வலி நிவாரணிகள் பாடம் நடந்திருந்தது. அம்மாவின் சுருக்குப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். செய்தித்தாள் துண்டில் நான்கு மாத்திரைகள். ஓரம் கத்தரித்த பட்டையில் இரண்டு, வெறும் மாத்திரையாக இரண்டு. எதிலும் பெயர் இல்லை. கடைக்கு ஓடினேன். "டைக்ளோ, டெக்சா, கேஸுக்கு ஒண்ணு, தும்மலுக்கு ஒண்ணு. பயப்படாத பாப்பா, ஊரே இதத்தான் போடுது" என்றார் கடைக்காரர்.

டைக்ளோஃபெனாக், வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும்போது, இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினையும் சேர்த்தே தடுக்கும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கூடச் சேர்ந்தால் இரைப்பை புண்ணாகி இரத்தம் கசியும் வாய்ப்பு இன்னும் கூடும். வயிற்றுக்குள் கசிந்த இரத்தம்தான் கறுப்பாக வெளியே வரும். அன்றிரவே ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது. என்ன மாத்திரை போடுகிறார் என்று பணி மருத்துவர் கேட்டபோது நான் அந்த இரண்டு பெயரையும் சொன்னேன். மாதக்கணக்கில் டெக்சா போட்டவருக்கு அதைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, உடம்பில் தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு அதற்குள் குறைந்துபோயிருக்கும். மருத்துவர் அதற்கேற்ப அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். நான் மருந்தியல் படிக்கவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் "வலி மாத்திர" என்று மட்டும்தான் பதில் இருந்திருக்கும்.

கல்லூரிக்குத் திரும்பி மேடத்திடம் சொன்னேன். மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்ய 2010 முதல் நாடு முழுவதும் ஒரு திட்டம் நடக்கிறது, 1800-180-3024 என்ற எண்ணில் யாரும் இலவசமாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று சொல்லி, அதற்கான படிவத்தைக் கொடுத்து என்னையே நிரப்பச் சொன்னார். தயாரித்த நிறுவனம், தொகுப்பு எண், காலாவதித் தேதி என்ற கட்டங்களில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. செய்தித்தாள் பொட்டலத்தில் தொகுப்பு எண் எங்கே இருக்கும்? அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டபோதுதான் மேடம், "நாமளே ஊருக்குள்ள போய்ப் பார்ப்போமா?" என்றார்.

சனிக்கிழமைப் பணி அப்படித் தொடங்கியது. கல்லூரிக் காசு ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எட்டு மாணவர்கள் பேருந்தில் போனோம். சர்ச் வளாகத்திலோ ஊர்ப் பொது மண்டபத்திலோ உட்கார்ந்து, வீட்டில் இருக்கிற மாத்திரையை எல்லாம் பையோடு எடுத்து வரச் சொன்னோம். பெயரில்லாத பொட்டலம் இல்லாத பை அபூர்வம். ஒரு பெரியவர் இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் அம்லோடிபின்தான், கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. ஒன்று அரசு மருத்துவமனையில் கொடுத்தது, இன்னொன்று தனியாரில் எழுதிக் கொடுத்தது. இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. அந்த வீக்கத்துக்கு என்று மூன்றாவதாக நீர் பிரியும் மாத்திரை ஒன்றையும் கடையில் வாங்கிப் போட்டு வந்தார். அம்லோடிபினுக்குக் கால் வீங்கும் என்பது எங்கள் பாடத்தில் ஒரு வரி. மேடம் அவருடைய மகளிடம் இரண்டு பட்டைகளையும் கொடுத்து, எதையும் தானாக நிறுத்தாமல் இரண்டையும் மருத்துவரிடம் காட்டச் சொன்னார். அடுத்த முறை போனபோது அந்தத் தாத்தா செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து, "இப்ப உள்ள போகுது பாருங்க தாயி" என்று காலைத் தூக்கிக் காட்டினார். பாடத்திட்டத்தில் இல்லை என்று நீங்கள் நிறுத்தியது இதைத்தான்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. எங்கள் நஞ்சியல் பாடத்தில் பார்பிட்டியூரேட், மார்பின், ஆர்கனோபாஸ்பரஸ், ஈயம், பாதரசம், ஆர்சனிக் இருக்கின்றன. எங்கள் கடலில் இருப்பது எதுவும் இல்லை. பாடத்திட்டத்தை மாற்ற உங்களால் முடியாது என்பது புரிகிறது. ஆனாலும் இந்தக் கரையில் நடக்கும் மருந்தியல் வகுப்பில், திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் காலை வைப்பது ஏன் வலியை அடக்குகிறது என்று ஒருவராவது சொல்லித்தர வேண்டாமா? என் அப்பா வலையைப் பிரிக்கும்போது கடற்பாம்பு கிடந்தால் வெறுங்கையால் எடுத்து வீசுகிறார். நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி முறிமருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு தரைப் பாம்புகளுக்கானது. கடற்பாம்பு அதில் இல்லை. இது அவருக்குத் தெரியாது. எனக்கும் மேடம் சொல்லித்தான் தெரியும். கூம்பு வடிவச் சங்கு இனம் ஒன்றின் நஞ்சை வைத்து உருவான ஜிகோனோடைட் என்ற வலி நிவாரணிக்கு 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மார்பினுக்கும் அடங்காத வலிக்கு அதைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் செலுத்துகிறார்கள். கூம்புச் சங்கு மன்னார் வளைகுடாவிலும் பல வகை உண்டு. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. மூன்று வருடத்தில் எங்களை ஒரு நாள்கூட அங்கே கூட்டிப்போனதில்லை.

இங்கிலாந்தில் மருந்தியலுக்கென்றே தனி இளநிலைப் பட்டம் இருக்கிறது, அங்கே மூன்று வருடமும் அதையே படிக்கிறார்கள். நம்மூரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று படிக்க விரும்பும் பிள்ளைக்கு, எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் பி.பார்ம்.தான் கைக்கெட்டும் வழி. அதிலும் நான்கு, ஐந்து, ஆறாம் செமஸ்டர்களில் தலா ஒரு தாள், வாரம் நான்கு மணி நேரச் செய்முறை. இருப்பதே அவ்வளவுதான். அதிலிருந்தும் எடுத்தால் எங்களுக்கு என்ன மிஞ்சும்? இந்தச் செமஸ்டர் முடிந்ததும் 150 மணி நேரப் பயிற்சிக்கு மருத்துவமனைக்கோ மருந்துக் கம்பெனிக்கோ போக வேண்டும். எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் அங்கே போய் நிற்போம்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த ஆண்டு நீங்கள் கொடுத்த ரசீதில் ஆய்வகக் கட்டணம் என்று தனி வரி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா போகும் விசைப்படகு கரையில்தான் கிடக்கும். படகு மறுபடி கடலுக்குள் போகும் முன்பே நீங்கள் ஆண்டுக் கட்டணத்தைக் கேட்பீர்கள். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்துத்தான் கட்டினார். அந்தக் கடனுக்காகத்தான் வலியோடும் பாசிக்குப் போனார். பூட்டிக் கிடக்கும் அறைக்கு அந்தக் காசை வாங்கியிருக்கிறீர்கள்.

நாங்கள் கேட்பது இவை:

கருத்தரங்கக் கூடத்துக்கு வேறு இடம் பாருங்கள். மருந்தியல் ஆய்வகத்தை இந்த வாரமே திறந்துவிடுங்கள். அங்கே இருக்கும் பன்னிரண்டு கணினிகளில் எட்டு ஓடவில்லை. அவற்றைச் சரிசெய்து, இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று மென்பொருளில் நாங்களே சோதனை செய்ய விடுங்கள்.

மருந்தியலுக்குத் தகுதியுள்ள ஓர் ஆசிரியரை அடுத்த செமஸ்டர் தொடங்கும் முன் நியமியுங்கள்.

சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதச் சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். எங்கள் அளவீடு தப்பாக வந்தாலும் அதையே எழுதுகிறோம், ஏன் தப்பாக வந்தது என்றும் பக்கத்தில் எழுதுகிறோம். அதற்கு மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.

கறிக்கடையில் கழிவாகப் போகும் கோழிக்குடலை வைத்துச் செய்யும் சோதனையை செமஸ்டருக்கு இரண்டு முறையாவது நடத்த அனுமதியுங்கள். வாங்கி வரும் பொறுப்பை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

சனிக்கிழமைப் பணிக்கு ஓர் ஆசிரியரையும் கல்லூரியின் அனுமதிக் கடிதத்தையும் கொடுங்கள். பேருந்துச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். கடல் நஞ்சுகள் பற்றி ஒரு நாளாவது தெரிந்தவர்களை வரவழைத்துப் பேசச் சொல்லுங்கள், அல்லது எங்களை மண்டபத்துக்கு ஒரு நாள் அனுப்புங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும். மறுநாள் சனிக்கிழமை நாங்கள் எட்டுப் பேரும் காலை எட்டு மணிக்குக் கல்லூரி வாசலில் நிற்போம். தங்கச்சிமடத்தில் போன மாதமே வருவதாகச் சொன்ன தெரு ஒன்று பாக்கி இருக்கிறது.

இப்படிக்கு,
ஆறாம் செமஸ்டர் பி.பார்ம். மாணவி,
பாம்பன்.